புதன்கிழமை மாத்திரை

அத்தை வீட்டுச் சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் புதன்கிழமைத் தாள்கள் எல்லாம் மூலை மடிந்திருக்கும். புது வருஷம் பிறந்த அன்றே உட்கார்ந்து மொத்த வருஷத்துக்கும் சேர்த்து மடித்துவிடுவாள். மடிப்பு வந்தால் மாத்திரை நாள். ராத்திரி இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, உள்ளங்கையில் ஆறு மாத்திரைகளைக் கொட்டி, ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணுவாள். சின்னஞ்சிறு மாத்திரை, மஞ்சள் நிறம். மெத்தோட்ரெக்சேட், 2.5 மில்லிகிராம். மறுநாள் வியாழக்கிழமை வேறொரு மாத்திரை, ஒன்றே ஒன்று. அதுவும் மஞ்சள்தான், கிட்டத்தட்ட அதே அளவுதான். ஃபோலிக் அமிலம், 5 மில்லிகிராம்.

அத்தைக்கு முடக்குவாதம். ஆறு வருஷத்துக்கு முன்னால் காலை பத்து மணி வரை விரல்கள் மடங்காது. மிக்சி ஜாரின் மூடியைத் திருக முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவாள். புடவைக் கொசுவம் பிடிக்க அரை மணி நேரம் ஆகும். இப்போது அவளே தேங்காய் துருவுகிறாள். அதற்கு என்ன காரணம் என்று தேடப் போய்த்தான் இந்த இரண்டு மஞ்சள் மாத்திரைகளின் சொந்தபந்தம் எனக்குத் தெரியவந்தது. புதன்கிழமை மாத்திரை, வியாழக்கிழமை மாத்திரையைப் பார்த்துச் செய்த போலி. அசலைத் தேடிய கதையில் கொஞ்சம் நம் திருவல்லிக்கேணியிலும் நடந்திருக்கிறது.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் ரத்தசோகையில் வெளுத்து இறந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்களின் ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் சிவப்பணுக்கள் குறைவாக இருந்தன. இருந்தவையும் வழக்கத்துக்கு மாறாகப் பெரிதாக இருந்தன. பிரிந்து இரண்டாக வேண்டிய வேளையில் பிரிய முடியாமல் பருத்துப் போன அணுக்களின் வாரிசுகள் அவை. இது பின்னால் தெரிந்த விஷயம். வில்ஸுக்கு அப்போது தெரிந்ததெல்லாம், ஏழைப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது, அவர்கள் சாப்பாட்டில் ஏதோ ஒன்று இல்லை என்பதுதான்.

எலிக்கும் குரங்குக்கும் அந்தப் பெண்கள் சாப்பிட்ட சாப்பாட்டையே போட்டுப் பார்த்தார். சோகை வந்தது. எதைக் கொடுத்தால் தேறும் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்ததில் ‘மார்மைட்’ வேலை செய்தது. பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யும் கறுப்புக் களிம்பு அது. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். இலங்கைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெந்நீரில் கரைத்தே குடிப்பார்கள். கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தபோது சில நாட்களிலேயே ரத்தத்தில் மாற்றம் தெரிந்தது. விலையோ மலிவு.

இந்த ஆராய்ச்சி ஒரே ஊரில் நடக்கவில்லை. நடுவில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் கொஞ்சகாலம். 1931 தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில். இன்று அதன் பெயர் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆட்டோக்காரரிடம் ‘கோஷாஸ்பத்திரி’ என்றால்தான் சட்டென்று வண்டி திரும்பும். அந்த வருஷமே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வில்ஸின் கட்டுரை வந்தது. களிம்புக்குள் இருக்கும் அந்த ஏதோ ஒன்றுக்குப் பெயர் இல்லாததால் ‘வில்ஸ் காரணி’ என்று சொல்லிக்கொண்டார்கள். பத்து வருஷம் கழித்து, 1941இல், அமெரிக்காவில் மூன்று பேர் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்து வடித்து அதே சரக்கைக் கொஞ்சூண்டு பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம். அதிலிருந்து ஃபோலிக் அமிலம்.

கோஷா ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில்தான் பெரிய தெரு. அங்கே இந்து உயர்நிலைப் பள்ளி. வில்ஸ் வருவதற்கு ஏறக்குறைய 20 வருஷம் முன்பு அந்தப் பள்ளியில் ஒரு தெலுங்குப் பையன் மெட்ரிகுலேஷன் பரீட்சையை மூன்றாவது தடவையாக எழுதித் தேறினான். பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லப்ரகட சுப்பாராவ். பிறகு மாநிலக் கல்லூரி, பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தி சொன்னார் என்று கதர் உடுத்திக்கொண்டு அறுவை சிகிச்சைக் கூடத்துக்குப் போனதில் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தினார். அண்ணன் தம்பி இருவரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் அடுத்தடுத்து கொண்டுபோனது. சாப்பிடுவது எதுவும் ஒட்டாமல் ஆளை உருக்கிவிடும் நோய். அவருக்கும் அது வந்து, ஆயுர்வேத மருத்துவத்தில் பிழைத்தார். 1920களின் தொடக்கத்தில் கப்பலேறி பாஸ்டன் போனவர் ஊர் திரும்பவே இல்லை.

அவர் ஹார்வர்டில் செய்தவற்றைச் சொல்லப் போனால் இந்தக் கட்டுரை தடம் மாறிவிடும். ராத்திரி ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை, பகலில் ஆய்வுக்கூடம். உடம்பின் சக்தி நாணயமான ஏ.டி.பி.யைக் கண்டவர்களில் ஒருவர். அங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைக் கீரையும் ஈரலும் இல்லாமல் செயற்கையாகவே செய்தது. கிலோக் கணக்கில் செய்யலாம் என்றானது. சகோதரர்களைத் தின்ற ஸ்ப்ரூவுக்கும் அந்த மருந்து கேட்டது. இந்தத் தற்செயலைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். யானைக்கால் நோய்க்கு நம் ஊரில் வீடு வீடாகக் கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அந்தக் குழுவின் வேலைதான்.

அசல் கையில் கிடைத்துவிட்டது. போலி செய்யும் யோசனை எங்கிருந்து வந்தது?

சல்ஃபா மருந்துகளிலிருந்து. ஜெர்மனியில் டோமாக் 1935இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. பென்சிலின் வருவதற்கு முன்பு பிரசவ ஜுரத்திலிருந்து பல தாய்மார்களைக் காப்பாற்றியது. ஆனால் அது கிருமியை எப்படி அடக்குகிறது என்பது புதிராகவே இருந்தது. 1940இல் டொனால்ட் வுட்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் விடை சொன்னார். கிருமிக்கு வேண்டிய ஒரு மூலப்பொருளின் சாயலில் சல்ஃபா இருக்கிறது. கிருமி அதையே மூலப்பொருள் என்று நம்பி எடுத்துக்கொண்டு ஏமாறுகிறது. அந்த மூலப்பொருள் எதன் துண்டு என்று பின்னால் பார்த்தால், ஃபோலிக் அமிலத்தின் நடுத்துண்டு! கிருமி தன் ஃபோலிக் அமிலத்தைத் தானே சமைத்துக்கொள்கிறது. நாம் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அதனால் சல்ஃபா கிருமியின் அடுப்பை அணைத்தது, நம் அடுப்பைத் தொடவில்லை. உடம்பின் ஆக்கல் அழித்தலுக்குள் ஒரு சாயல் பொருளை நுழைத்து அந்த வேலையைக் கெடுப்பது என்ற தந்திரத்துக்கு ஆன்டிமெட்டபோலைட் என்று பெயர் வந்தது. தமிழில் ‘வளர்சிதைமாற்ற எதிர்ப்பொருள்’ எனலாம். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் நோய்க்கூறியல் மருத்துவர். பிணப் பரிசோதனைதான் அவர் துறை. அதிலும் ரத்தப் புற்றுநோயில் இறந்த குழந்தைகளை நிறையப் பார்த்தவர். அந்நாளில் அந்த நோய் கண்ட குழந்தை சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் போய்விடும். சோகைக்கு ஃபோலிக் அமிலம் கேட்கிறதே, கெட்டுப்போன எலும்பு மஜ்ஜைக்கும் அது நல்லது செய்யாதா என்று யோசித்து, சில குழந்தைகளுக்கு அந்த வகைப் பொருள்களைக் கொடுத்தார். நோய் வேகம் பிடித்ததுபோல் தெரிந்தது. நல்லதென்று ஊட்டியது நோய்க்கே தீனி ஆகிவிட்டது. இதைப் படிக்கிறபோது வயிற்றைப் பிசைகிறது. அந்த மருத்துவமனையில் அவருடன் இருந்த இளம் மருத்துவர்கள் பலர் ‘குழந்தைகளை நிம்மதியாகச் சாகவாவது விடுங்கள்’ என்ற மனநிலையில் இருந்ததில் வியப்பில்லை.

ஃபார்பர் யோசனையைத் தலைகீழாகத் திருப்பினார். தீனி போட்டால் வளர்கிறது என்றால், தீனி போன்ற ஒன்றைப் போட்டால்? சுப்பாராவின் குழுவிடம் அப்படிப்பட்ட போலிகள் தயாராகிக்கொண்டிருந்தன. ஃபோலிக் அமிலத்தின் ஒரு மூலையில் ஓர் ஆக்சிஜன் அணு இருக்கும். அதை எடுத்துவிட்டு ஒரு நைட்ரஜன் தொகுதியை வைத்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். பெயர் அமினோப்டெரின். அதே மஞ்சள்.

1947 டிசம்பர் இறுதியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்கு அதை ஊசியில் ஏற்றத் தொடங்கினார்கள். ஏறிக்கொண்டே போன வெள்ளணு எண்ணிக்கை நின்றது, பிறகு இறங்கியது. வீங்கியிருந்த வயிறு வற்றியது. நடக்க முடியாமல் கிடந்த பிள்ளை நடந்தான். 1948 ஜூனில் வெளியான கட்டுரையில் 16 குழந்தைகளின் விவரம் இருந்தது. அவர்களில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. கட்டுரைத் தலைப்பிலேயே ‘தற்காலிக’ என்ற சொல்லை ஃபார்பர் போட்டிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை. நோய் சில மாதங்களில் திரும்பி வந்தது. கட்டுரை வந்து இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். வயது 53.

அந்த ஒரு மூலை மாற்றம் உள்ளே போய் என்ன செய்கிறது? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் எனக்குப் புரிகிறது.

பந்தியில் பரிமாறுகிறவர்கள் கையில் சாம்பார் வாளி. வாளியில் இருப்பதை இலைகளில் ஊற்றிவிட்டுக் காலி வாளியோடு அடுக்களைக்குத் திரும்புகிறார்கள். அங்கே அண்டா பக்கத்தில் ஒரே ஓர் ஆள், காலி வாளியை வாங்கி நிரப்பித் தருகிறார். ஃபோலிக் அமிலம் அந்த வாளி. அது சுமந்துபோவது கார்பன் அணு ஒன்றை. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் டி.என்.ஏ. முழுவதையும் நகலெடுக்க வேண்டும். அதற்குத் தைமின் என்ற எழுத்து ஏராளமாக வேண்டும். ஒவ்வொரு தைமினும் செய்து முடிக்க ஒரு கார்பன் வேண்டும். கார்பனைக் கொடுத்த வாளி வெறுமையாகிறது. அதை மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவரும் ஆள்தான் ‘டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ்’ என்ற நொதி.

போலி வாளி நேராக அந்த ஆளிடம் போகிறது. அவர் அதையும் வாளி என்றே வாங்கிக்கொள்கிறார். ஆனால் அந்த ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜன் இருப்பதால், அசலைவிட ஆயிரக்கணக்கான மடங்கு இறுக்கமாக அது கையோடு ஒட்டிக்கொள்கிறது. நிரப்பவும் முடியவில்லை, கீழே போடவும் முடியவில்லை. அசல் வாளிகள் அவர் முன்னால் காலியாகவே குவிகின்றன. போதாததற்கு, போலி உள்ளே வந்ததும் செல்லே அதன் வாலில் குளுட்டமேட் துண்டுகளைக் கோத்துவிடுகிறது. அசல் ஃபோலிக் அமிலம் வெளியே நழுவாமலிருக்கச் செல் செய்கிற ஏற்பாடு அது. போலிக்கும் அதே உபசாரம். அதனால்தான் ரத்தத்திலிருந்து மருந்து வடிந்த பிறகும் செல்லுக்குள் நாள்கணக்கில் தங்குகிறது. அத்தைக்கு வாரம் ஒருநாள் போதுமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

வீட்டில் இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள் என்றால், வாளி நிரப்புகிற ஆள் ஒருநாள் லீவு போட்டாலும் தெரியாது. பந்திமேல் பந்தியாக ஆயிரம் இலை போடுகிற இடத்தில் பத்தே நிமிஷத்தில் ரகளை ஆகிவிடும். ரத்தப் புற்றுச் செல்கள் ஓயாத பந்தி. தைமின் தீர்ந்ததும் அந்த இடத்தில் யுராசிலை வைத்து எழுதிப் பார்க்கிறது செல். திருத்தும் நொதிகள் அதை வெட்டி எடுக்கின்றன. மறுபடி வைக்கத் தைமின் இல்லாததால் மறுபடியும் யுராசில், மறுபடியும் வெட்டு. டி.என்.ஏ. இழை துண்டு துண்டாகிச் செல் சாகிறது. உடம்பில் நியாயமாகவே பந்தி நடக்கிற இடங்கள் சில உண்டு: எலும்பு மஜ்ஜை, வாய், குடலின் உள்தோல், மயிர்க்கால். போலிக்கு அந்தப் பாகுபாடு தெரியாது. வாய்ப்புண், வெள்ளணுக் குறைவு, முடி கொட்டுதல் எல்லாம் அப்படி வருபவை. கர்ப்பத்தில் இருக்கும் சிசு முழுக்க முழுக்கப் பந்திதான். அதனால் கர்ப்பிணிகள் இந்த மாத்திரை பக்கமே போகக் கூடாது. கோஷா ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு எது இல்லாமல் போனதோ, அதே இல்லாமையைத்தான் இந்த மருந்து வேண்டுமென்றே உண்டாக்குகிறது.

அமினோப்டெரினின் விஷத்தன்மை முன்கூட்டிக் கணிக்க முடியாததாக இருந்தது. ஒரு நைட்ரஜன் மேல் சின்ன மெத்தில் தொகுதி ஒன்றை ஏற்றிய அதன் தம்பி கொஞ்சம் சொல்பேச்சுக் கேட்டது. அதுதான் மெத்தோட்ரெக்சேட். 1950களில் அண்ணனை ஓரங்கட்டித் தம்பி வந்துவிட்டது.

1956இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மின் சியூ லீ என்ற சீன மருத்துவரும் ராய் ஹெர்ட்ஸும், நஞ்சுக்கொடித் திசுவில் தோன்றும் கோரியோகார்சினோமா என்ற புற்றுக்கு இதைக் கொடுத்தார்கள். கட்டிகள் கரைந்தன. வெளியே தெரிவது எல்லாம் மறைந்த பிறகும் சிறுநீரில் ஒரு ஹார்மோன் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது அடியோடு மறையும்வரை மருந்தை நிறுத்த மாட்டேன் என்றார் லீ. நோயில்லாத உடம்பில் விஷம் ஏற்றுகிறார் என்று அவரை வேலையை விட்டே அனுப்பினார்கள். பாதியில் நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பியது, லீயிடம் முழுதாக முடித்தவர்களுக்குத் திரும்பவில்லை. 1972இல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள். வேலையைத் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

குழந்தைகளின் ரத்தப் புற்றில் தனியாளாகத் தோற்ற மருந்து, கூட்டாளிகளோடு சேர்ந்தபோது ஜெயித்தது. கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் செய்த 6-மெர்காப்டோப்யூரின் அவற்றில் ஒன்று, அது டி.என்.ஏ.வின் வேறு எழுத்துக்குச் செய்த போலி. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பையில் டாடா, டெல்லியில் எய்ம்ஸ் மூன்றும் 1980களில் தொடங்கி ஒரே சிகிச்சை முறையை வகுத்துக்கொண்டு இந்தக் குழந்தைகளைப் பார்த்தன. மூளைக்குள் மருந்து எளிதில் போகாது என்பதால் முதுகுத்தண்டில் ஊசி வழியாக ஏற்றுவார்கள். அந்தச் சிரிஞ்சில் இருப்பதும் மஞ்சள்தான். எலும்புப் புற்றில் அளவு மில்லிகிராமைத் தாண்டிக் கிராமுக்குப் போகும். உடம்பின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 12 கிராம் வரை. அத்தை வாரம் எடுப்பது 15 மில்லிகிராம். கிராம் கணக்கில் ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தால் ஆள் பிழைக்க மாட்டார். ஒருநாள் கழித்து லியூகோவோரின் கொடுக்கிறார்கள். அது ஏற்கெனவே நிரப்பிய வாளி; அண்டா பக்கத்து ஆளைக் கேட்காமல் கொல்லைப்புற வாசல் வழியாகப் பந்திக்கு வந்துவிடும்.

மூட்டுவலிக்கு இந்த மருந்து வந்த கதையில் அவசரமே இல்லை. 1951இலேயே குப்னர் என்ற அமெரிக்க மருத்துவர் அமினோப்டெரினை முடக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்துப் பலன் கண்டார். சொரியாசிஸ் தோல்நோயும் அதில் அடங்குவதைக் கவனித்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. முடக்குவாதத்துக்கு அமெரிக்க அரசின் அனுமதி 1988இல்தான் வந்தது. எலியனுக்கும் ஹிச்சிங்ஸுக்கும் நோபல் கிடைத்ததும் அதே வருஷம். இந்தச் சிறிய அளவில் மருந்து செல்லைக் கொல்வதில்லை. அடினோசின் என்ற பொருளை அதிகமாக்கி, சொந்த மூட்டையே தாக்கும் படையைச் சாந்தப்படுத்துகிறது. ஆனாலும் வாளிச் சிக்கல் கொஞ்சம் இருக்கும். அதைச் சரிக்கட்டத்தான் வியாழக்கிழமை மாத்திரை.

இதில் ஆபத்து எங்கே என்றால், வாரத்துக்கு ஒன்று என்பது தினத்துக்கு ஒன்று என ஆகிவிடுவதில். பல நாடுகளில் பலர் அப்படி இறந்திருக்கிறார்கள். போன வருஷம் அத்தை வழக்கமான கடையில் சரக்கு இல்லையென்று வேறொரு மருந்துக்கடையில் வாங்கினாள். வீட்டுக்கு வந்து கவரைப் பார்த்தேன். பால்பாயிண்ட் பேனாவில் ‘தினமும் இரவு 6’ என்று எழுதியிருந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. ஒரே வாரத்தில் வாயெல்லாம் வெந்து, ரத்த அணுக்கள் சரிந்திருக்கும். அத்தை கவரை வாங்கிப் பார்த்தாள், செருப்பை மாட்டினாள், கடைக்கே போனாள். நானும் பின்னால் போனேன்.

‘ஏம்ப்பா தம்பி, வாரத்துல ஏழு புதனா வரும்?’ என்றாள்.

அந்தப் பையன் முதலில் முழித்தான். சீட்டை வாங்கிப் படித்தான். முகம் வெளிறிப்போய், கவரைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினான். இந்தத் தடவை பெரிய எழுத்தில், இரண்டு கோடு போட்டு: ‘புதன் மட்டும்’. அத்தை அவனைத் திட்டவில்லை. ‘ரெண்டும் மஞ்சள், உனக்கும் குழம்பத்தானே செய்யும்’ என்றாள். போன மாசம் நீர்க்கடுப்புக்கு யாரோ ஒரு டாக்டர் கோ-ட்ரைமாக்சசோல் எழுதியபோதும் அவளே தடுத்திருக்கிறாள். அதில் ஒரு பாதி சல்ஃபா, மறுபாதியும் அதே வாளிக்காரர்மேல் கை வைக்கிற சரக்கு. ‘நான் புதன்கிழமை மாத்திரை சாப்பிடறவ, இது ஒத்துக்குமா?’ என்று கேட்டாளாம். அவர் யோசித்துவிட்டு மாற்றி எழுதியிருக்கிறார்.

நேற்று புதன். நான் போனபோது சாப்பிட்டு முடித்திருந்தாள். சுப்பாராவ் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னேன். ‘பெரிய தெருவா? அங்கதான்டா உன் மாமா படிச்சார்’ என்றாள், எண்ணிக்கையை விடாமல். நான்கு, ஐந்து, ஆறு. தண்ணீர் குடித்தாள். எழுந்துபோய், மடித்திருந்த தாளைக் காலண்டரிலிருந்து கிழித்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, ஒரே இழுப்பில்.